கரிய மணலின் கணக்கு

திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டைக் கடற்கரையில் மணல் கரிய நிறமாய்க் கிடக்கும். இல்மனைற்று என்னும் கனிப்பொருளே அக்கருமைக்குக் காரணம். இக்கனிமணலை எடுப்பதற்கென 1957ஆம் ஆண்டில் அரசாங்கக் கூட்டுத்தாபனம் ஒன்று அமைக்கப்பட்டது.

இம்மணலில் எம்மூலகத்தின் அணு எத்தனை என்பதைக் கண்ணால் எண்ணுதல் இயலாது. தராசு கொண்டு எண்ணலாம்! தூய இல்மனைற்று 100 கிராமில் இரும்பு 36.8 கிராமும், தைத்தானியம் 31.6 கிராமும், ஒட்சிசன் 31.6 கிராமும் உள. பின்னவை இரண்டும் நிறையில் சமம். ஆகவே அணுத்தொகையிலும் சமம் என மாணவர் பலர் கருதுவர். புளியங்கொட்டையையும் குன்றிமணியையும் சம நிறையில் எடுத்தால், எண்ணிக்கையில் குன்றிமணியன்றோ மிகும்?

ஆதலால் ஒவ்வொரு நிறையையும் அவ்வம்மூலகத்தின் அணுநிறையால் வகுத்தல் வேண்டும். 36.8ஐ 55.8ஆல் வகுக்க 0.66, 31.6ஐ 47.9ஆல் வகுக்க 0.66, 31.6ஐ 16ஆல் வகுக்க 1.98. இவற்றுட் சிறியதாகிய 0.66ஆல் மூன்றையும் வகுப்பின் 1, 1, 3 எனக் கிடைக்கும். இரும்பணு ஒன்று, தைத்தானிய அணு ஒன்று, ஒட்சிசன் அணு மூன்று என்னும் இவ்வெளிய விகிதமே அனுபவச் சூத்திரம்.

இது பரீட்சைக்கு மட்டும் உரிய வித்தையன்று. வெள்ளை வர்ணப்பூச்சுக்கு வேண்டிய தைத்தானியமீரொட்சைட்டு, ஒரு தொன் தூய இல்மனைற்றில் ஏறத்தாழ 526 கிலோகிராம் பெறத்தக்கது என்பதை இச்சூத்திரமே சொல்லித் தருகிறது. மணலைக் கப்பலேற்றி விற்கும் நாடு, அதனுள் அடங்கிய பொருளின் அளவை வாங்குபவன் வாய்மொழியால் அறிதல் தகுமோ? நம் பிள்ளைகளே கணக்கிட்டுச் சொல்லட்டும்.