நோகாமல் வரும் நோய்

நானுஓயாக் குளிரில் மேஸ் போடாத கால் குறைவு. ஒருநாள் லுஹருக்கு வுழூச் செய்ய மேஸைக் கழற்றிய என் மாமா, "மகன், இஞ்ச பாருங்க, மேஸ் தடம் போகுதில்ல" என்றார். விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, மெதுவாகத்தான் நிரம்பியது. "குளிருக்கு வீங்கியிருக்கும்" என்று இருவரும் விட்டுவிட்டோம். பன்னிரண்டு வருடச் சீனி வியாதிக்காரர் அவர். சில மாதங்களின் பின், இரத்த அறிக்கையைப் பார்த்த வைத்தியர், "சிறுநீரகம் பாதிக்குமேல் போய்விட்டது" என்றார்.

சிறுநீரகம் என்றதும் நாம் இடுப்பு நோவைத்தான் நினைக்கிறோம். கொழுந்துக் கூடை சுமப்பவரின் இடுப்பு நோவு பெரும்பாலும் தசை நோவுதான். சிறுநீரகமோ கெட்டுக்கொண்டிருக்கும்போது அநேகமாக நோவதில்லை. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்வடிகள் உள்ளன. சில செத்தால் மிச்சமுள்ளவை அந்த வேலையையும் இழுத்துச் செய்யும். அதனால் வெளியே ஒன்றும் தெரியாது.

இந்நோய் என்றால் அநுராதபுரப் பக்கத்து நோய் என்போரும் உண்டு. 1990களிலிருந்து மதவாச்சி, பதவிய போன்ற இடங்களில் நெல் விவசாயிகளைத் தாக்கிவரும் நோய் வேறு வகை. சீனியோ பிரஷரோ இல்லாதவர்களுக்கும் அது வருகிறது. நிலத்தடி நீர், விவசாய இரசாயனம், வெயிலில் உடல்நீர் வற்றுதல் எனப் பலவற்றை ஆராய்ந்தும் இதுதான் காரணம் என்று முடிவாகவில்லை. ஆனால், உலகெங்கும் சிறுநீரகத்தை அதிகம் கெடுப்பவை நமக்கு நன்கு தெரிந்தவை: கட்டுப்படாத சீனி வியாதியும் பிரஷரும். உடல் நோவுக்கென டைக்குளோபினாக், இபுபுரூபன் போன்ற குளிசைகளைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதும் கேடு செய்யும்.

கவனிக்க வேண்டியவை: சிறுநீரில் கலையாத நுரை அல்லது இரத்தம், இரவில் அடிக்கடி சிறுநீர் கழித்தல், காலையில் முக வீக்கம், கணுக்கால் வீக்கம், ஓயாத களைப்பு, பசியின்மை, உடல் அரிப்பு. இவற்றுள் பல, நோய் முற்றிய பிறகே தலைகாட்டும்.

ஆகவே, சீனியோ பிரஷரோ உள்ளவர்கள் அறிகுறிக்குக் காத்திராமல், வருடத்துக்கு ஒரு முறையாவது சிறுநீரில் அல்புமினையும் இரத்தத்தில் கிரியேட்டினினையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்திலேயே பிடிபட்டால் நோயின் வேகத்தைக் குறைக்கலாம். சிறுநீரக நோயாளர் நோன்பு பிடிப்பதையும் வைத்தியரைக் கேட்டே தீர்மானிப்பது நல்லது.

மாமா இப்போது கிளினிக் நாளைத் தவறவிடுவதில்லை. உடம்பு அமானிதம் என்று பிறருக்குச் சொல்லிக்கொடுக்கிற நான், அன்று என் விரல் பட்ட குழியைப் பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டேன். நாளுக்கு ஐந்து வேளை காலைக் கழுவுகிறோம். கழுவும்போது ஒரு கணம் பார்க்கவும் செய்வோம்.