எண்ணில் எது முன்னால்?

வாளையாரில் எல்லையைத் தாண்டும் வண்டிகளின் எண் பலகைகளே ஒரு வரைபடம். கே.எல். 09 பாலக்காடு, கே.எல். 70 சித்தூர், டி.என். 41 பொள்ளாச்சி. போடிமெட்டுப் பக்கம் போனால் கே.எல். 69 உடும்பன்சோலை, டி.என். 60 தேனி. தேனி ஆர்.டி.ஓ. அலுவலகம் ஒரு வண்டிக்கு எண் கொடுக்கும்போது உடும்பன்சோலையைக் கேட்பதில்லை. இரண்டும் ஒரே நாளில் 1234-ஐக் கொடுத்தாலும் குழப்பமில்லை; முன்னால் நிற்கும் அலுவலகக் குறியீடு பிரித்துவிடும்.

மென்பொருள் எழுதுவோருக்கும் இதே தேவை உண்டு. பணப் பரிமாற்றம், ஆர்டர், குறுஞ்செய்தி எல்லாவற்றுக்கும் தனி எண் வேண்டும். ஒரே சர்வர் என்றால் 1, 2, 3 என்று போட்டுக்கொண்டு போகலாம். நூறு சர்வர்கள் இருந்தால்? எல்லாம் ஓர் இடத்தில் வரிசையில் நின்று எண் வாங்கினால், அந்த இடம் படுத்ததும் மற்றவையும் படுத்துவிடும்.

யாரையும் கேட்காமல் எண் போட ஒரு வழி யு.யு.ஐ.டி. நான்காம் வகை. 128 பிட்டுகளில் 122 பிட் முழுக்க ரேண்டம். இரண்டு ஒன்றாக அமைய நடைமுறையில் வாய்ப்பே இல்லை. ஆனால் தரவுத்தளத்துக்கு இது பிடிக்காது. தரவுத்தளம் தன் இன்டெக்ஸை வரிசைப்படுத்தி, பக்கம் பக்கமாக வைத்திருக்கும். போஸ்ட்கிரெஸில் ஒரு பக்கம் பொதுவாக 8 கிலோபைட். ரேண்டம் எண் எந்தப் பக்கத்தில் விழும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பதிவுக்கும் எங்கோ கிடக்கும் ஒரு பக்கத்தை வட்டிலிருந்து எடுத்து வர வேண்டும். அது நிரம்பியிருந்தால் இரண்டாகப் பிளக்க வேண்டும். பதிவுகள் கோடிகளைத் தாண்டி இன்டெக்ஸ் நினைவகத்தில் அடங்காமல் போகும்போது வேகம் விழுந்துவிடும். புதிய எண் எப்போதும் பழையதைவிடப் பெரிதாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. எல்லாம் கடைசிப் பக்கத்தில் போய்ச் சேரும். அது ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கும்.

எண் பலகையில் இந்தக் கால வரிசை அமையாது. பலகைகளை வரிசைப்படுத்தினால், நேற்றுப் பதிவான இடுக்கி கார் (கே.எல். 06) இருபது வருடத்துப் பழைய பாலக்காட்டு ஜீப்புக்கு முன்னால் வந்து நிற்கும். இடம் முன்னால் இருப்பதன் விளைவு இது. ஒரே அலுவலகத்துக்குள் பார்த்தாலும் ஃபேன்சி நம்பர் ஏலம் வரிசையைக் கொஞ்சம் கலைத்துவிடுகிறது; கேரளத்தில் அந்த மோகம் சாமானியமானதல்ல.

2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த பாரத் வரிசை, அதாவது பி.எச். பலகை, வேறு மாதிரி. அதில் முதலில் வருவது பதிவான ஆண்டின் இரண்டு இலக்கம். பிறகு பி.எச்., அடுத்து ரேண்டமாக நான்கு இலக்கம், கடைசியில் ஓரிரு எழுத்து. எந்த மாநிலத்து வண்டியானாலும் 22-க்குப் பின்னால்தான் 24 வரும். காலம் முன்னால், ரேண்டம் பின்னால்.

ட்விட்டர் 2010-லேயே காலத்தை முன்னால் வைத்துவிட்டது. அதன் ஸ்னோஃப்ளேக் எண்ணில் 41 பிட் நேரம், மில்லிநொடிக் கணக்கில். 10 பிட் எந்திர எண், 12 பிட் வரிசை எண். ஆர்.டி.ஓ. குறியீட்டை முன்னாலிருந்து நடுவுக்கு நகர்த்தியதுபோல. 1,024 எந்திரங்கள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிநொடியில் 4,096 எண்கள் வரை தரலாம். 41 பிட் ஏறத்தாழ 70 ஆண்டு தாங்கும். 2010 நவம்பரில் தொடங்கிய கணக்கு 2080-இல் முடியும்.

எந்திர எண்ணையும் யாரோ ஒதுக்கித்தானே ஆக வேண்டும்? 2016-இல் வந்த யூலிட் அதையும் விட்டொழித்தது. 48 பிட் நேரம், மீதி 80 பிட் ரேண்டம். ஒரு மில்லிநொடிக்கு 1,200 கோடி கோடி கோடி எண்கள் சாத்தியம். உடும்பன்சோலை ஏலத்தோட்டச் சரிவில் சிக்னல் இல்லாத கைப்பேசிகூடத் தானே எண் போட்டுப் பதிந்துகொண்டு, இணையம் கிடைத்ததும் சர்வரில் சேர்த்துவிடலாம். 26 எழுத்தில் எழுதப்படும் யூலிட்டில் ஐ, எல், ஓ, யூ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் இல்லை. முதல் மூன்றும் 1, 0 என்று மயங்கவைக்கும். யூ இருந்தால் தற்செயலாகக் கெட்ட வார்த்தை அமைந்துவிடுமாம்!

2024 மே மாதம் வெளியான ஆர்.எஃப்.சி. 9562, ஏறக்குறைய இதே அமைப்பை யு.யு.ஐ.டி. ஏழாம் வகை என்று தரநிலையாக்கியது. 2025 செப்டம்பரில் வந்த போஸ்ட்கிரெஸ் 18-இல் அதை உருவாக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. புதிதாக ஒரு செயலி தொடங்குபவர் இதைவிட்டு வேறெங்கும் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஆனால் காலத்தை முன்னால் வைத்தால் கடிகாரத்தை நம்ப வேண்டியிருக்கும். இரண்டு சர்வர்களின் கடிகாரங்கள் சில மில்லிநொடி விலகினால், அந்த இடைவெளிக்குள் நடந்தவை முன்பின்னாகும். கடிகாரம் பின்னோக்கித் திருத்தப்பட்டால் ஸ்னோஃப்ளேக் எண் தர மறுத்து, பழைய நேரம் வரும்வரை நின்றுவிடும். இன்னொன்று, எண்ணைப் பார்த்தவருக்குப் பதிவு பிறந்த மில்லிநொடியும் தெரிந்துவிடும். ஆர்டர் எண்ணுக்கு அது பெரிய விஷயமல்ல. மருத்துவமனைக் கோப்புக்கு யோசிக்க வேண்டும். கடவுச்சொல் மாற்ற அனுப்பும் இணைப்புக்கோ நேரம் கலக்காத, முழு ரேண்டமான எண்தான் சரி.