செல்வ நாட்டிற்கு ஒரு குறை
அமெரிக்கச் சிறுவரும் உதைபந்தாட்டமும்

1950ஆம் ஆண்டு யூன் மாதம் 29ஆந் திகதி பிரேசில் நாட்டின் பெலோ ஹொரிசொன்டே நகரிலே உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டியொன்று நிகழ்ந்தது. ஒருபுறம், அவ்விளையாட்டின் தாயகமெனப் போற்றப்படும் இங்கிலாந்து; மறுபுறம், ஐக்கிய அமெரிக்கா. இங்கிலாந்து வீரர்கள் பந்தாடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள். அமெரிக்க அணியினருட் பலரோ வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு வேளையிலே பந்தாடியவர்கள். கோல் காப்பாளர் பிராங்க் போர்கி பிரேத ஊர்தி ஓட்டியவர். பின்வரிசையில் நின்ற ஹரி கியோ தபாற்காரர். நடுவரிசையில் நின்ற வோல்டர் பார், எம்மைப் போல ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். ஆட்டத்தின் முதற் பாதியிலே பார் தொலைவிலிருந்து அடித்த பந்தை ஜோ கேஜன்ஸ் என்னும் இளைஞர் பாய்ந்து தலையால் முட்டி வலைக்குட் செலுத்தினார். அவர் ஹெயிட்டி நாட்டிற் பிறந்தவர். நியூயோர்க் நகர உணவகமொன்றிலே கோப்பை கழுவிக்கொண்டு கல்வி பயின்றவர். அவ்வொரு கோலே அமெரிக்காவுக்கு வெற்றி தேடித் தந்தது. உலகம் திகைத்தது.

இத்தகைய வெற்றியை ஈட்டிய நாடு அதன்பின் ஓங்கி வளர்ந்திருக்கும் என்றே எவரும் எண்ணுவர். நிகழ்ந்ததோ வேறு. 1954 முதல் 1986 வரை நடைபெற்ற 9 உலகக் கிண்ணப் போட்டிகளுள் ஒன்றிற்கேனும் அமெரிக்கா தகுதி பெறவில்லை. 1989 நவம்பரில் திரினிடாட் நாட்டை அதன் சொந்த மண்ணிலே ஒரு கோலால் வென்ற பின்னரே, 40 ஆண்டு இடைவெளி நீங்கி, 1990ஆம் ஆண்டுப் போட்டியில் அந்நாடு மீண்டும் காலடி வைத்தது. 35 இலட்சம் மக்கள் மட்டுமே வாழும் உருகுவே 1930இலும் 1950இலும் உலகக் கிண்ணத்தை வென்றிருக்கிறது. 33 கோடிக்கு மேற்பட்ட மக்களும், எண்ணற்ற பசும்புல் மைதானங்களும், அளவற்ற செல்வமும் உடைய அமெரிக்காவின் ஆண்கள் அணியோ, 2022 வரையுள்ள வரலாற்றில், 1930இல் அரையிறுதியையும் 2002இல் கால் இறுதியையும் எட்டியதே பெருஞ்சிறப்பாகும்.

இதற்குக் காரணம் யாது? கூடைப்பந்தாட்டமும், பேஸ்போல் ஆட்டமும், அமெரிக்கருக்கே உரிய முட்டைவடிவப் பந்து விளையாட்டும் நல்ல இளைஞரைக் கவர்ந்துவிடுகின்றன என்பது வழக்கமாகக் கூறப்படும் விடை. அதில் உண்மை உண்டு. எனினும் அது முழு உண்மையன்று. அந்நாட்டில் உதைபந்தாடும் சிறுவர் தொகை பல இலட்சமாகும். விதைக்குப் பஞ்சமில்லை, அது முளைத்து வளரும் நாற்றுமேடையிலேதான் குறை இருந்தது என்பதை அந்நாட்டு அறிஞர்களே இன்று ஒப்புக்கொள்கின்றனர்.

வாயிலில் ஒரு கட்டணம்

ஐரோப்பாவிலே பெருங்கழகம் ஒன்று திறமையுள்ள சிறுவனைக் கண்டால், அவனை அழைத்துச் சென்று, தன் செலவிலேயே பயிற்றுவிக்கும். நாளை அவன் தன் அணியில் ஆடுவான், அல்லது பிற கழகமொன்று பெருந்தொகை கொடுத்து அவனை வாங்கிக்கொள்ளும் என்பது அதன் கணக்கு. அமெரிக்காவிலோ நெடுங்காலமாகச் சிறுவர் கழகங்களை நடத்தி வந்தவர்கள் பெற்றோரே. பயிற்றுநரின் சம்பளம், மைதான வாடகை, ஊர்விட்டு ஊர் சென்று ஆடும் பயணச் செலவு ஆகிய அனைத்தும் பெற்றோர் தலையிலேயே விழும். ஆண்டொன்றுக்கு ஒரு பிள்ளைக்கு ஆயிரக்கணக்கான டொலர் செலவிடும் குடும்பங்கள் உண்டு. செலுத்த இயலாதவன் பிள்ளை வாயிலுக்கு வெளியே நிற்பான்.

தீங்கு இத்துடன் முடியவில்லை. பணம் கொடுப்பவர் எசமானர் ஆகிவிடுகிறார். தாம் கொடுக்கும் பணத்துக்கு இவ்வாண்டே ஒரு வெற்றிக் கிண்ணத்தை அவர் காண விரும்புகிறார். பயிற்றுநர் என்ன செய்வார்? பன்னிரண்டு வயதிலே மீசை அரும்பும் நெடிய, பருத்த பையன்களைத் தெரிந்தெடுப்பார். பந்தை நெடுந்தூரம் உதைத்து ஓடச் சொல்வார். மெலிந்த, குள்ளமான, ஆயினும் பந்தைக் கால்விரலோடு ஒட்டி வைத்திருக்கும் பையன் ஆசனத்தில் அமர்ந்து வேடிக்கை பார்ப்பான். பத்து ஆண்டு கழிந்ததும் எல்லாரும் ஏறக்குறைய ஒரே உயரமாகிவிடுவர். அப்போது வேண்டப்படுவது கால்வித்தையும் கூர்மதியுமே. தேசிய அணிக்குத் தேவை நாளைய வீரன். பணம் கொடுப்பவர் தேடுவதோ இன்றைய வெற்றி.

டெக்சாஸ் சிறுவன்

இக்குறையை விளக்க ஒரு வரலாறே போதும். டெக்சாஸ் மாநிலத்தில் நாக்கடோச்சஸ் என்றொரு சிற்றூர். வாகனத்தில் இழுத்துச் செல்லத்தக்க சிறு வீடொன்றில் வாழ்ந்த எளிய குடும்பத்தில் வளர்ந்தவர், 1983இற் பிறந்த கிளின்ட் டெம்ப்சி. அவ்வூரில் குடியேறியிருந்த மெக்சிக்கோ நாட்டவரோடு மண்ணிலே பந்தாடித் தம் கால்வித்தையைக் கற்றார். திறமை கண்டு டல்லாஸ் நகரக் கழகமொன்று அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்நகரோ காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரத் தொலைவு. அக்காலத்தில் அவருடைய தமக்கை டென்னிஸ் ஆட்டத்திற் சிறந்து விளங்கினார். இரு பிள்ளைகளின் செலவையும் தாங்க அக்குடும்பத்தால் இயலவில்லை. கிளின்ட் கழகத்தைவிட்டு நிற்க வேண்டியதாயிற்று.

அவ்வேளையில் அவரோடு ஆடிய சில சிறுவரின் பெற்றோர் செலவிலும் பயணத்திலும் உதவ முன்வந்தனர்; அவரும் கழகம் மீண்டார். 1995இல் தமக்கையார் பதினாறு வயதிலே மூளைக் குருதிக்குழாய் வெடித்துத் திடீரென இறந்தார். அத்துயரைச் சுமந்துகொண்டு அச்சிறுவர் ஆடினார். பின்னாளில் அவரே இங்கிலாந்தின் முதல்தரக் கழகங்களில் ஆடினார்; 2006, 2010, 2014 ஆகிய மூன்று உலகக் கிண்ணப் போட்டிகளிலும் கோல் அடித்தார்; தேசிய அணிக்காக 57 கோல்கள் குவித்தார்.

அப்பெற்றோர் அன்று கை கொடாதிருப்பின்? இவ்வினா எம் உள்ளத்தை உறுத்துகிறது. ஒரு டெம்ப்சி தப்பிப் பிழைத்தார். கைகொடுப்பாரின்றி மறைந்தோர் எத்தனை பேரோ? ஞாயிறுதோறும் பூங்காக்களிலே குடியேறிய தொழிலாளரின் பிள்ளைகள் ஆடும் ஆட்டங்களை, நெடுங்காலம் எந்தத் தெரிவாளரும் எட்டிப் பார்க்கவில்லை.

முயற்சிகளும் இடர்களும்

அமெரிக்கர் வாளாவிருக்கவில்லை. 1994இல் உலகக் கிண்ணப் போட்டியைத் தம் நாட்டிலே நடத்தினர். 1996இல் 10 அணிகளோடு தொழின்முறைக் கழகங்களின் தொடரொன்றைத் தொடங்கினர். 2010ஆம் ஆண்டளவில் உலகக் கிண்ணத்தை வென்றுவிட வேண்டும் என்று 1998இல் திட்டமும் வகுத்தனர். மறு ஆண்டு புளோரிடா மாநிலத்துப் பிராடென்டன் நகரிலே, 17 வயதுக்குட்பட்ட தேர்ந்த சிறுவரை ஒருங்கே தங்கவைத்துக் கல்வியும் பந்தாட்டமும் புகட்டும் விடுதிப் பயிற்சி நிலையம் தோன்றியது. அதன் முதல் அணியிற் பயின்ற லாண்டன் டொனவன், டமார்க்கஸ் பீஸ்லி ஆகிய இருவரும் இருபது வயதிலேயே 2002ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் ஆடினர். போர்த்துக்கலையும் மெக்சிக்கோவையும் வீழ்த்திய அவ்வணி, கால் இறுதியிலே ஜேர்மனியிடம் ஒரேயொரு கோலால் தோற்றது. ஆனால் ஒரு நிலையத்தில் நாற்பது சிறுவரை வளர்ப்பதால் மட்டும் பரந்த ஒரு நாடு நிறைந்துவிடுமா? 2010ஆம் ஆண்டுக் கனவு, முதற் சுற்றைக் கடந்ததும் கானா நாட்டிடம் கலைந்தது.

2007இல் நாடு தழுவிய பயிற்சிக் கழகத் திட்டமொன்றைத் தேசியச் சங்கம் வகுத்தது. போட்டிகளைக் குறைத்துப் பயிற்சியைப் பெருக்குவதே அதன் நோக்கம். நோக்கம் நன்று. எனினும் 2012இல் அத்திட்டத்திற் சேர்ந்த மாணவர் தம் பள்ளிக்கூட அணிக்கு ஆடலாகாது என விதி வந்தது. பள்ளி ஆட்டம் முரடானது, பருவம் குறுகியது என்பர் அதற்குச் சார்பானோர், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஆசிரியர் என்ற முறையில் எமக்கு ஓர் ஐயம் எழுகிறது. செலவு குறைந்த, ஏழை மாணவனுக்கும் திறந்திருந்த வாயில் பள்ளிக்கூட அணி ஒன்றே அன்றோ? திறமையுள்ளோர் அனைவரும் அதைவிட்டு விலகின், எஞ்சியோரை எவர் தேடி வருவர்? அத்திட்டமும் 2020இல் நோய்த் தொற்றுக் காலத்திலே நிறுத்தப்பட்டது.

ஈண்டு ஒரு வியப்பையும் குறிப்பிடல் வேண்டும். அதே நாட்டின் பெண்கள் அணி 1991, 1999, 2015, 2019 ஆகிய நான்கு ஆண்டுகளில் உலகக் கிண்ணத்தை வென்றது. 1972இற் பிறந்த சட்டம் கல்வி நிலையங்களிலே பெண்களுக்கும் சம வாய்ப்பு அளிக்கச் செய்தது. பல்கலைக்கழகங்கள் புலமைப்பரிசில் வழங்கி அவர்களை வளர்த்தன. அந்நாளில் வேறு நாடுகள் பல பெண்களின் ஆட்டத்தைப் பொருட்படுத்தவில்லை. ஆண்களின் நிலையோ வேறு. அமெரிக்க இளைஞன் பல்கலைக்கழக அணியிலே சில மாதப் பருவத்தில் ஆடிக்கொண்டிருக்கும் வயதில், ஐரோப்பிய இளைஞன் முதிர்ந்த வீரரோடு தோளுரசி ஆடி, ஆண்டு முழுவதும் பாடம் கற்றுவிடுகிறான்.

கடல் கடந்த கல்வி

2017 ஒக்டோபர் 10ஆந் திகதி இடி விழுந்தது. 1989இல் தமக்கு வாழ்வளித்த அதே திரினிடாட் மண்ணிலே, சமநிலை கண்டாலே போதும் என்ற நிலையில், அமெரிக்க அணி 2-1 என்ற கணக்கில் தோற்று, 2018ஆம் ஆண்டுப் போட்டிக்குத் தகுதி இழந்தது. அன்று அமெரிக்காவின் ஒரே கோலை அடித்தவர் 19 வயதான கிறிஸ்டியன் புலிசிக்.

பென்சில்வேனியாவில் வளர்ந்த இவ்விளைஞரின் தாய் ஓர் ஆசிரியை. பெற்றோர் இருவரும் பல்கலைக்கழகத்திலே பந்தாடியவர்கள். ஏழு வயதளவில், தாயின் பணி நிமித்தம் இங்கிலாந்தில் ஓராண்டு வாழ்ந்தபோது பந்தின் மீது அவருக்குப் பித்துப் பிடித்தது. சிறுவரைப் பொருளாசையால் நாடு கடத்தும் கொடுமையைத் தடுக்க, 18 வயதுக்கு உட்பட்டோரைக் கழகங்கள் அயல்நாட்டிலிருந்து சேர்க்கலாகாது என்பது உலகச் சங்கத்தின் பொது விதி. ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை உடையோர் மட்டும் அவ்வொன்றியத்துள் 16 வயதிலே மாறலாம். புலிசிக்கின் பாட்டனார் குரோவேசியாவிற் பிறந்தவர். அவ்வுரிமையால் குரோவேசியக் குடியுரிமை பெற்று, 2015இல், தந்தையுடன் ஜேர்மனியின் டோர்ட்முண்ட் நகரை அடைந்தார். 17 வயதில் அந்நாட்டின் முதல்தரப் போட்டியில் ஆடினார். 2021இல் இங்கிலாந்தின் செல்சி கழகத்தோடு ஐரோப்பிய வெற்றிக் கிண்ணத்தை ஏந்தினார். பாட்டனார் வேறிடத்திற் பிறந்திருந்தால், அவ்விரண்டு அரிய ஆண்டுகள் வீணாயிருக்கும்.

கணக்கு மாறிய கதை

வீரனொருவன் நாடு விட்டு நாடு பெருந்தொகைக்கு மாறும்போது, 12 வயது முதல் 23 வயது வரை அவனைப் பயிற்றுவித்த கழகங்களுக்கு அத்தொகையில் நூற்றுக்கு 5 பங்கு பகிரப்படல் வேண்டும் என்பது உலகச் சங்கத்தின் மற்றொரு விதி. சிற்றூர்க் கழகமும் ஏழைப் பிள்ளையை இலவசமாக வளர்க்க ஊக்கம் தருவது இதுவே. சட்டச் சிக்கலைக் காரணங்காட்டி அமெரிக்கர் இப்பங்கை நெடுங்காலம் கோராதிருந்தனர். ஆகவே ஏழைச் சிறுவனைப் பயிற்றுவிப்பது அங்கே வெறுஞ் செலவாகவே இருந்தது. 2019இல் தொழின்முறைத் தொடரின் கழகங்கள் இப்பங்கைக் கோரத் தொடங்கின.

டல்லாஸ் நகரக் கழகத்தின் பயிற்சிப் பள்ளியிலே வளர்ந்த வெஸ்டன் மக்கெனி 2016இல் ஜேர்மனி சென்றபோது, அக்கழகத்திற்கு மாற்றுத் தொகை கிட்டவில்லை. அதே பள்ளியில் வளர்ந்த, மெக்சிக்கோவிலிருந்து குடியேறியோரின் மைந்தர் ரிக்கார்டோ பெப்பி 2022இல் ஜேர்மனி சென்றபோதோ, ஏறக்குறைய 2 கோடி டொலர் கிடைத்ததாகச் செய்திகள் கூறின. கணக்கு மாறவே மனமும் மாறிற்று. இன்று தொழின்முறைக் கழகங்களின் பயிற்சிப் பள்ளிகளுட் பெரும்பாலானவை கட்டணம் வாங்குவதில்லை. பிலடெல்பியா நகரக் கழகத்தோடு இணைந்து 2013இல் ஒரு பாடசாலையே தோன்றியது. பயிற்சி நேரத்துக்கு இயைய அங்கே வகுப்புகள் நடைபெறுகின்றன. அங்கு பயின்ற பிரென்டன் ஆரன்சன் 2021இல் ஐரோப்பா சென்றார்.

இம்மாற்றத்தின் பயன் 2022இல் கட்டாரிலே தெரிந்தது. அமெரிக்க அணித்தலைவர் டைலர் அடம்ஸ் 23 வயதினர். அப்போட்டியிற் கலந்துகொண்ட அணித்தலைவர்களுள் மிக இளையவர். இங்கிலாந்தோடு கோலின்றிச் சமநிலை கண்ட அவ்வணி, இரண்டாஞ் சுற்றிலே நெதர்லாந்திடம் 3-1 எனத் தோற்றது. ஆயினும் அவ்வணியின் செர்ஜினோ டெஸ்ட் நெதர்லாந்திற் பிறந்து வளர்ந்தவர். யூனுஸ் மூசா நியூயோர்க்கிற் பிறந்து இத்தாலியிலும் இங்கிலாந்திலும் பயின்றவர். பிறர் வளர்த்த பயிர் இன்னும் தேவைப்படுகிறது. 2024இல் தம் நாட்டிலே நடந்த அமெரிக்கக் கண்டக் கிண்ணப் போட்டியிலும் அவ்வணி முதற் சுற்றோடு வெளியேறிற்று.

எஞ்சிய பணி

2025இல் தொழின்முறைத் தொடரின் அணிகள் 30 ஆயின. எனினும் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு 4,000 கிலோமீற்றர் அகன்ற நாட்டில் இச்சில நகரங்கள் எம்மாத்திரம்? நாக்கடோச்சஸ் போன்ற சிற்றூர்ச் சிறுவனுக்கு வாயில் இன்றும் தொலைவிலேயே உள்ளது. ஜேர்மனி, 2000ஆம் ஆண்டு ஐரோப்பியப் போட்டியில் அவமானப்பட்டபின், நாடெங்கும் 300இற்கு மேற்பட்ட பயிற்சி மையங்களை அமைத்து, சிற்றூர்ச் சிறுவரையும் கட்டணமின்றி வாரந்தோறும் பயிற்றுவித்தது. 2014இல் உலகக் கிண்ணத்தை வென்றது. இடையிற் கழிந்தவை பதினான்கு ஆண்டுகள். நாற்று நட்ட மறுநாளே கதிர் அறுக்க இயலாது.

பெற்றோர்க்கும் மாணவர்க்கும் நாம் கூறவிரும்புவது ஒன்றே. பந்தாட்டத்திலாயினும் கல்வியிலாயினும், பன்னிரண்டு வயதில் முன்னிற்பவனே இருபது வயதிலும் முன்னிற்பான் என எண்ணிவிடலாகாது. இன்று ஆசனத்தில் அமர்ந்திருக்கும் மெலிந்த பையனுக்கும் ஆடக் காலமும் இடமும் கொடுத்தல் வேண்டும். கைப்பணம் இன்றி நிற்கும் பிள்ளையைத் தம் வண்டியில் ஏற்றிச் சென்ற அந்த டெக்சாஸ் பெற்றோரின் பெயர்களை விளையாட்டு ஏடுகள் பெரிதாக எழுதவில்லை. ஆயினும் டெம்ப்சியின் 57 கோல்களில் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.