ஒட்டுப்பலகையைப் பேணுதல்

சிவகாசி வட்டாரத்தில் 1920களில் வேரூன்றியது தீப்பெட்டித் தொழில். தீக்குச்சி செய்வோர் மரத்தடியைச் சுழலவிட்டு, கூரிய அலகால் தாள்போலச் சீவி எடுப்பர். பின்னர் அதனைக் குச்சிகளாக நறுக்குவர். அவ்வாறு சீவிய தகடுகளை நறுக்காமல், பசையிட்டு அடுக்கி, வெப்பத்துடன் அழுத்தினால் கிடைப்பதே பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகை.

ஈரத்தை உறிஞ்சும் மரம் இழைக்குக் குறுக்கே விரியும். இழையின் நீளவாட்டில் பெரிதும் மாறாது. எனவே, அடுத்தடுத்த தகடுகளின் இழைகள் குறுக்குநெடுக்காக அமையுமாறு 3, 5, 7 என ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்குகின்றனர். ஒரு தகட்டின் விரிவை மற்றொன்று தடுக்கிறது. மரச்சீவல்களை ஒட்டிச் செய்யும் துகள்பலகைக்கு இக்காப்பு இல்லை. நீர் புகுந்து உப்பினால் அது பழைய நிலைக்குத் திரும்பாது.

ஆனைக்குட்டம் போன்ற ஊர்களில் கோடையின் வறட்சியும் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமும் பலகையை மாறிமாறித் தாக்கும். சுவரில் சாய்த்து வைத்த பலகை தன் எடையாலேயே வளையும். ஆகவே, தரையில் படாதவாறு, ஒரே உயரமுள்ள சட்டங்களின்மேல் படுக்கையாக அடுக்க வேண்டும். வெட்டிய விளிம்பே ஈரம் நுழையும் வழி. அதனை வண்ணம் பூசியோ பட்டை ஒட்டியோ மூடுதல் வேண்டும். வாங்கும்போது, பொதுப் பயன்பாட்டுப் பலகைக்குரிய ஐ.எஸ். 303 என்னும் இந்தியத் தரக்குறியீட்டைப் பார்த்தல் நன்று.

அறுக்கும்போது எழும் நுண்தூள் நுரையீரலுக்குத் தீங்கானது; முகக்கவசம் அணிய வேண்டும். அத்தூள் எளிதில் தீப்பற்றக்கூடியது. பட்டாசுத் தொழில் சூழ்ந்த வட்டாரத்தில் அதனை உடனுக்குடன் அகற்றுவது உயிர்காக்கும் கடமையாகும். பேணாமல் விட்ட பலகையோடு வீணாவது பணம் மட்டுமன்று; பல்லாண்டு வளர்ந்த மரமும்தான்.