இந்த வருஷம் கோப்பை யாருக்கு?

1980 மே 16, வெள்ளிக்கிழமை இரவு. பிலடெல்பியாவின் ஸ்பெக்ட்ரம் அரங்கில், அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் இறுதித் தொடரில் ஆறாவது ஆட்டம். லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் 3-2 என்று முன்னால் இருந்தது. ஆனால் அந்த அணியின் தூணான கரீம் அப்துல் ஜப்பார் கணுக்கால் சுளுக்கி, ஊரிலேயே தங்கிவிட்டார். பிலடெல்பியா ரசிகர்களுக்கு அதற்குமேல் வாதமே வேண்டியிருக்கவில்லை. இன்று நமக்குத்தான் ஜெயம், தொடர் ஏழாவது ஆட்டத்துக்குப் போகிறது என்று நம்பி வந்திருந்தார்கள். கரீமின் இடத்தில், தொடக்கப் பந்துக்குத் தாவ நடுவட்டத்துக்கு வந்து நின்றவர் 20 வயது மேஜிக் ஜான்சன். அவருக்கு அது முதல் சீசன். வழக்கமாக அவர் ஆடுவது பாயின்ட் கார்டு, அதாவது பந்தை நடத்திச் செல்லும் இடம். அன்று அவர் எடுத்தது 42 புள்ளி, 15 ரீபவுண்ட், 7 அசிஸ்ட். ஜமால் வில்க்ஸ் தன் பங்குக்கு 37 புள்ளி எடுத்தார். லேக்கர்ஸ் 123-107 என்று வென்று கோப்பையை எடுத்துக்கொண்டு போனது.

இந்த ஆட்டத்தை அமெரிக்காவின் பெரும்பகுதி நேரடியாகப் பார்க்கவில்லை. ஒளிபரப்பு உரிமை வைத்திருந்த சிபிஎஸ் தொலைக்காட்சிக்கு மே மாதம் என்பது பார்வையாளர் எண்ணிக்கையை அளக்கும் மாதம். வெள்ளிக்கிழமை முன்னிரவைக் கூடைப்பந்துக்குக் கொடுக்க அதற்கு மனமில்லை. சில நகரங்களைத் தவிர மற்ற இடங்களில் வழக்கமான தொடர்கள் ஓடின. ஆட்டத்தின் பதிவு இரவு 11.30 மணிக்குத்தான் காட்டப்பட்டது. கோப்பை யாருக்கு என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவர்கள், முடிவு யார் வாயிலிருந்தும் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று நள்ளிரவுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு இறுதித் தொடரிலும் சில ஆட்டங்களுக்கு இதே கதிதான்.

இன்று இறுதித் தொடரின் ஒவ்வொரு ஆட்டமும் உலகமெங்கும் நேரலை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 8.30 மணிக்குத் தொடங்கினால், சென்னையில் காலை 6 மணிக்குப் பல் தேய்க்காமலே பார்க்கலாம். 2025-26 சீசனிலிருந்து நடப்புக்கு வந்த ஒளிபரப்பு ஒப்பந்தம் 11 ஆண்டுகளுக்கு 7,600 கோடி டாலர். தொலைக்காட்சியும் பணமும் வளர்ந்த கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். என் அக்கறை அந்த வாக்குவாதத்தின் மேல். "இந்த வருஷம் யார் ஜெயிப்பாங்க?" என்று இரண்டு ரசிகர்கள் உட்கார்ந்து பேசும் பேச்சு இந்த 45 ஆண்டுகளில் என்னவாக மாறியது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அன்றைய ரசிகரிடம் என்ன இருந்தது? உள்ளூர் அணி. சொந்த ஊரில் அது ஆடும் ஆட்டங்கள். மறுநாள் பேப்பரில் பொடி எழுத்தில் வரும் ஸ்கோர் அட்டவணை. அப்புறம் வானொலி. கிழக்கு அணியும் மேற்கு அணியும் சீசனில் இரண்டே முறைதான் மோதும். ஆகவே பாஸ்டனில் இருப்பவருக்கு லேக்கர்ஸ் என்பது பெரும்பாலும் செவிவழிச் செய்தி. அந்தச் செவிக்குச் செய்தி சொன்னவர் ஜானி மோஸ்ட். 1953 முதல் 1990 வரை பாஸ்டன் செல்டிக்ஸ் ஆட்டங்களை வர்ணித்தவர். கரகரத்த குரல். நடுநிலை என்ற பேச்சே கிடையாது. செல்டிக்ஸ் வீரர்கள் அவர் வாயில் புண்ணியாத்மாக்கள், எதிரணியினர் ரௌடிகள். வாஷிங்டன் புல்லட்ஸின் ரிக் மஹார்ன், ஜெஃப் ரூலண்ட் இருவருக்கும் அவர் வைத்த பட்டப்பெயர்கள் ஊர் முழுக்கப் புழங்கின. 1965-ல் ஜான் ஹாவ்லிசெக் கடைசி நொடிகளில் பந்தைத் தட்டிப் பறித்தபோது அவர் போட்ட கூச்சல், இசைத்தட்டாகவே விற்றது. அவரைக் கேட்டு வளர்ந்த ரசிகர் ப்ளேஆஃப் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்று) கணிப்பு சொன்னால், அதில் பாதி பாசம், பாதி பகை.

அது அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். தன் அணியின் ஏழாவது, எட்டாவது ஆட்டக்காரர் எந்தப் பக்கம் திரும்பி எறிவார், யாருக்கு எந்த முழங்கால் தொல்லை, பயிற்சியாளர் எப்போது பொறுமை இழப்பார் என்றெல்லாம் அவருக்கு அத்துப்படி. எதிரணியைப் பற்றித்தான் எதுவும் தெரியாது. அகலம் குறைவு, ஆழம் அதிகம். சிகை திருத்தும் கடைகளில், குறிப்பாகக் கறுப்பினத்தவர் குடியிருப்புகளின் முடிதிருத்தகங்களில், இந்த வாதம் ஓய்ந்ததே கிடையாது. லேக்கர்ஸா செல்டிக்ஸா, மேஜிக்கா செல்டிக்ஸின் லாரி பேர்டா என்ற சண்டையில் கூடைப்பந்து மட்டும் பேசப்படவில்லை. செல்டிக்ஸை வெள்ளையரின் அணியாகவும் லேக்கர்ஸைக் கறுப்பினத்தவரின் அணியாகவும் பலர் பார்த்தார்கள். பாஸ்டனிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பின ரசிகர்கள் பலர் லேக்கர்ஸ் பக்கம் நின்றார்கள். இத்தனைக்கும் லீக்கில் முதன்முதலாக ஒரு கறுப்பின வீரரைத் தேர்ந்தெடுத்ததும், முதல் கறுப்பினப் பயிற்சியாளரை அமர்த்தியதும் செல்டிக்ஸ்தான். 'என் அணி ஜெயிக்கும்' என்று அன்று ஒருவர் சொன்னால், தான் எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று கணிப்பது அவ்வளவு கடினம் இல்லை. 1980 முதல் 1989 வரை பத்து இறுதித் தொடர்கள். லேக்கர்ஸோ செல்டிக்ஸோ இல்லாமல் ஒன்றுகூட நடக்கவில்லை. பத்தில் எட்டுக் கோப்பைகள் அந்த இரண்டு அணிகளுக்கே போயின. பிலடெல்பியா 1983-லும் டெட்ராய்ட் 1989-லும் தலா ஒன்று எடுத்தன. மற்ற ஊர் ரசிகர்கள் நப்பாசையோடுதான் வாதாடினார்கள்.

1987 ஜூலை 1-ந் தேதி நியூயார்க்கில் டபிள்யூ.எஃப்.ஏ.என். என்ற வானொலி நிலையம், நாள் முழுக்க விளையாட்டு பற்றியே பேசத் தொடங்கியது. தெருமுனை வாக்குவாதத்துக்கு ஒரு தொலைபேசி எண் கிடைத்தது. குயின்ஸிலிருந்து ஒருவர் கூப்பிட்டு நிக்ஸ் அணிதான் என்பார், நியூஜெர்சியிலிருந்து இன்னொருவர் அவரைக் கிழிப்பார். மற்ற ஊர்களும் இதைப் பிடித்துக்கொண்டன. யார் சொல்வது சரி என்பதைவிட யார் உரக்கச் சொல்கிறார்கள் என்பது முக்கியமாகிவிட்ட தொலைக்காட்சி விவாதங்களுக்கு வித்து இங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

அடுத்து வந்தது எண்களின் காலம். 2004-ல் டீன் ஆலிவர் எழுதிய 'பாஸ்கட்பால் ஆன் பேப்பர்' வெளிவந்தது. ஒரு ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று பார்ப்பதில் பயனில்லை, பந்து கைக்கு வரும் ஒவ்வொரு 100 முறைக்கும் எத்தனை புள்ளி என்று பார்க்க வேண்டும் என்ற பார்வையை அது பரப்பியது. 2013-14 சீசனில் எல்லா அரங்குகளின் கூரையிலும் ஒவ்வொரு வீரரின் நகர்வையும் பதிவு செய்யும் கேமராக்கள் வந்தன. இன்று ஒரு கல்லூரி மாணவர், தான் ஒருமுறைகூட நேரில் பார்க்காத அணியின் தடுப்பாட்டம் மூலையிலிருந்து வரும் த்ரீ பாயிண்டர்களை, அதாவது மூன்று புள்ளி தரும் தூரத்து எறிகளை, எவ்வளவு அனுமதிக்கிறது என்று சொல்லி வாதாடுகிறார். வாதத்தின் தரம் உயர்ந்திருக்கிறது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. தூரத்திலிருந்து எறிந்தே வாழும் அணி கோப்பை வாங்காது என்று சார்லஸ் பார்க்லி தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பெரிய வீரர், அவர் சொன்னதை லட்சக்கணக்கானோர் நம்பினார்கள். 2015-ல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அப்படி எறிந்தே கோப்பை வாங்கியது. எண்களைப் பார்த்தவர்கள் அதை முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

ஆனால் அதே வாரியர்ஸ் மறுவருடம் 73 ஆட்டங்களை வென்று, தோற்றது 9 மட்டுமே என்ற சாதனையோடு இறுதித் தொடருக்கு வந்து, 3-1 என்று முன்னால் இருந்து, கிளீவ்லண்டிடம் கோப்பையை விட்டது. இறுதித் தொடரில் அந்தப் பள்ளத்திலிருந்து அதற்குமுன் எந்த அணியும் மீண்டதில்லை. 2018 மே 28 அன்று ஹூஸ்டன் ராக்கெட்ஸ், எண்களை வேதமாகக் கொண்டு கட்டப்பட்ட அணி, மேற்கு இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் தொடர்ச்சியாக 27 த்ரீ பாயிண்டர்களைத் தவறவிட்டது. எண்கள் சொன்னது தவறில்லை. ஒரு சீசன் முழுவதற்கும் அது சரி. அந்த ஓர் இரவில் பந்து உள்ளே போகவில்லை. பழைய காலத்து ரசிகர் இதற்கு ஒரு காரணம் சொல்வார்: நடுக்கம். புதிய காலத்து ரசிகர் தற்செயல் என்பார். இருவரும் உட்கார்ந்து பேசினால் அது நல்ல வாதம். எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கும்.

கணிப்பு இன்று உண்மையிலேயே கடினமாகிவிட்டது. 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டுகளில் ஏழு வெவ்வேறு அணிகள் கோப்பை வென்றிருக்கின்றன: டொரான்டோ, லேக்கர்ஸ், மில்வாக்கி, கோல்டன் ஸ்டேட், டென்வர், பாஸ்டன், ஓக்லஹோமா சிட்டி. 2023-ல் வந்த புதிய சம்பள ஒப்பந்தம், அதிகம் செலவழிக்கும் அணிகளின் கையைக் கட்டிவிட்டது. வென்ற அணியை அப்படியே காப்பாற்றி வைப்பது பெரும்பாடாகிவிட்டது. காயங்கள் வேறு. 2025 ப்ளேஆஃபில் மட்டும் டேமியன் லில்லார்ட், ஜேசன் டேட்டம், டைரீஸ் ஹாலிபர்ட்டன் என்று மூன்று நட்சத்திரங்களுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது.

அந்த ஹாலிபர்ட்டனைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்தியானா பேசர்ஸின் பாயின்ட் கார்டு. 2025 ஏப்ரலில் பெயர் வெளியிடாமல் வீரர்களிடமே எடுத்த வாக்கெடுப்பில், தகுதிக்கு மீறிப் புகழப்படுபவர் என்று அதிகம் பேர் கைகாட்டியது இவரைத்தான். அதன் பிறகு மில்வாக்கி, கிளீவ்லண்ட், நியூயார்க் மூன்றையும் கடைசி நொடிகளில் கலங்கடித்து அணியை இறுதித் தொடருக்குக் கொண்டுபோனார். எதிரே 68 ஆட்டங்கள் வென்றிருந்த ஓக்லஹோமா சிட்டி தண்டர். முதல் ஆட்டத்தில் கடைசி நொடிவரை பேசர்ஸ் ஒரு தடவைகூட முன்னிலை பெறவில்லை. 0.3 நொடி மீதமிருந்தபோது ஹாலிபர்ட்டனின் பந்து வளையத்துக்குள் விழுந்தது: 111-110. தொடர் ஏழு ஆட்டங்கள் வரை போயிற்று. ஏழாவதன் முதல் கால்பகுதியில் மூன்று த்ரீ பாயிண்டர்கள் போட்ட நிலையில், அவர் விழுந்து வலியில் தரையை அறைந்தார். தண்டர் 103-91 என்று வென்றது.

இதே ஹாலிபர்ட்டன் அதற்கு முந்தைய ஆண்டு ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொன்னார். உலகத்தில் பாதிப் பேருக்குத் தான் பந்தயத்தில் பணம் சம்பாதித்துத் தரும் ஒரு பொருள் மட்டுமே என்று. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வேறுபாடு அந்த வார்த்தைகளில் இருக்கிறது.

பந்தயம் புதிதல்ல. ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸின் ஜாக் மோலினாஸ், தன் அணி மீதே பணம் கட்டியதற்காக 1954-ல் வெளியேற்றப்பட்டார். ஆனால் அது இருட்டில் நடந்தது. நெவாடா மாநிலத்துக்கு வெளியே ஒரு ஆட்டத்தின் மேல் சட்டப்படி பணம் கட்ட அநேகமாக வழியே இருக்கவில்லை. 2012-ல் நியூஜெர்சி அதை அனுமதிக்க முயன்றபோது, வழக்குப் போட்டுத் தடுத்தவர்களில் என்.பி.ஏ.வும் ஒன்று. 2014-ல் அதன் தலைவர் ஆடம் சில்வர் நிலையை மாற்றிக்கொண்டு, சட்டபூர்வமாக்கலாம் என்று பத்திரிகையில் எழுதினார். 2018 மே 14-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. அந்தக் கோடை முடிவதற்குள் லீக் ஒரு சூதாட்ட நிறுவனத்தோடு கைகோத்துவிட்டது. இன்று 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் ரசிகரின் கைபேசியே பந்தயக் கடை.

வாக்குவாதத்தை இது உள்ளிருந்து மாற்றிவிட்டது. யார் கோப்பை வெல்வார்கள் என்பதுகூட இப்போது கேள்வியில்லை. இன்னார் இன்றைக்கு ஆறு ரீபவுண்டுக்குமேல் எடுப்பாரா, இன்னார் முதல் பாதியில் இரண்டு த்ரீ பாயிண்டர் போடுவாரா என்று ஆட்டம் துண்டு துண்டாகிவிட்டது. தன் அணி வென்றும் கோபத்தோடு எழுந்து போகும் ரசிகர் இருக்கிறார். டொரான்டோவின் ஜோன்டே போர்ட்டர், உடம்பு சரியில்லை என்று சொல்லி மூன்றே நிமிடத்தில் ஆட்டத்தை விட்டு வெளியேறினார். அவர் குறைவாகவே எடுப்பார் என்பதையும் சேர்த்து, உள்விவரம் தெரிந்த ஒருவர் 80,000 டாலர் கட்டியிருந்தார். 2024 ஏப்ரலில் போர்ட்டருக்கு வாழ்நாள் தடை. அதே ஆண்டு கிளீவ்லண்ட் பயிற்சியாளராக இருந்த ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப், பந்தயத்தில் தோற்றவர்கள் தன் குடும்பத்தையும் குழந்தைகளையும் வைத்து மிரட்டியதைச் சொன்னார். ஜானி மோஸ்ட் காலத்து ரசிகர்கள் எதிரணியைத் திட்டினார்கள். எட்டாவது ரீபவுண்டைப் பிடிக்காத குற்றத்துக்காகச் சொந்த அணி வீரரின் பிள்ளையைத் தேடிப் போனதில்லை.

எண்கள் வந்ததற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். எல்லா ஆட்டத்தையும் பார்க்க முடிவதற்கும்தான். பழைய காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்கவில்லை. நள்ளிரவுப் பதிவு ஒளிபரப்புக்கு யாரும் ஏங்கமாட்டார்கள். ஆனால் பந்தயச் செயலிகள் இந்தப் பேச்சைக் கெடுத்துவிட்டன. லீக் அவற்றோடு போட்ட கூட்டு, ரசிகர்களுக்குச் செய்த தீங்கு.

ப்ளேஆஃப் ஏப்ரல் மத்தியில் தொடங்கி ஜூனில் முடியும். தொடங்குவதற்கு முதல் நாள் ஒரு தாளில் உங்கள் அணியின் பெயரையும், அது ஏன் வெல்லும் என்பதற்கு ஒரு காரணத்தையும் எழுதி நண்பரிடம் கொடுங்கள். அந்தக் காரணம் ஆட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கட்டும்: ஒரு வீரரின் தடுப்பாட்டம், ஒரு பயிற்சியாளரின் திட்டம், எதிரணியின் பலவீனம், எதுவானாலும் சரி. இரண்டு மாதம் சண்டை போடுங்கள். பத்து ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.