வினா எழுப்பிய உறுப்பினர்

படையும் செல்வமும் மட்டும் ஓர் அரசனைக் காத்துவிடா; அவன் தவறு செய்யும்போது அஞ்சாது இடித்துரைக்கும் பெரியோரின் துணையும் வேண்டும் என்பது திருக்குறள் காட்டும் நெறி. முடியாட்சிக் காலத்தில் புலவரும் சான்றோரும் அப்பணியைச் செய்தனர். மக்களாட்சியில் அது நாடாளுமன்ற உறுப்பினர்களின் கடமையாகிறது. அக்கடமையை ஓர் உறுப்பினர் நிறைவேற்றிய வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

வினா நேரம்

இந்திய அரசியலமைப்பின் 75ஆம் பிரிவின்படி, அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. அமைச்சர்கள் தம் செயல்களுக்கு அவையில் விடை கூற வேண்டும் என்பதே இதன் பொருள். இதற்கென்றே மக்களவையில் நாள்தோறும் முதல் ஒரு மணி நேரம் 'வினா நேரம்' என ஒதுக்கப்பட்டுள்ளது.

வினாக்களுள் இரு வகைகள் சிறப்பானவை. உடுக்குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் வாய்மொழியாக விடை கூறுவார். உடுக்குறியிடாத வினாவுக்கு எழுத்து வடிவில் விடை தரப்படும். வாய்மொழி விடையைத் தொடர்ந்து உறுப்பினர்கள் துணை வினாக்களைக் கேட்கலாம். முதல் விடையை அலுவலர்கள் முன்னரே ஆயத்தம் செய்து கொடுத்திருப்பர். துணை வினா எத்திசையிலிருந்து வரும் என்பதை எவரும் அறியார். எனவே, தம் துறையைக் கற்றறிந்த அமைச்சரே அதற்குத் தடுமாறாமல் விடை கூற இயலும்.

பெரோஸ் காந்தி

உத்தரப் பிரதேசத்தின் ரேபரேலியிலிருந்து 1952ஆம் ஆண்டிலும் 1957ஆம் ஆண்டிலும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெரோஸ் காந்தி. அவர் ஆளுங்கட்சியான காங்கிரசைச் சேர்ந்தவர். பிரதமர் ஜவாகர்லால் நேருவின் மருமகன். தம் கட்சியின் அமைச்சர்களை எதிர்த்து வினா எழுப்புவது அவருக்கு எளிய செயலன்று.

1955ஆம் ஆண்டு டிசம்பரில், தனியார் காப்பீட்டு நிறுவனங்களில் மக்களின் பணம் தவறாகப் பயன்படுத்தப்படுவதை அவர் அவையில் சான்றுகளுடன் எடுத்துரைத்தார். அடுத்த மாதமே அரசு ஆயுள் காப்பீட்டுத் தொழிலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 245 நிறுவனங்கள் ஒன்றிணைக்கப்பட்டன. 1956 செப்டம்பர் முதல் நாளன்று 'எல்.ஐ.சி.' எனப்படும் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றியது.

மக்களின் பணம்

எழுத்தரும் ஆசிரியரும் தொழிலாளரும் தம் ஊதியத்தில் சிறிது சிறிதாகச் செலுத்தும் தொகையே காப்பீட்டுக் கழகத்தின் செல்வம். தமக்கு ஏதேனும் நேர்ந்தால் தம் பிள்ளைகள் துன்புறக் கூடாது என்று கருதி அவர்கள் சேர்த்த பணம் அது. 1957ஆம் ஆண்டு ஜூனில், அரிதாஸ் முந்த்ரா என்னும் கல்கத்தாத் தொழிலதிபரிடமிருந்து ஆறு நிறுவனங்களின் பங்குகளைக் கழகம் வாங்கியது. விலை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய். கழகத்தின் முதலீட்டுக் குழுவிடம் முன்னதாகக் கருத்துக் கேட்கப்படவில்லை.

இச்செய்தி குறித்து மக்களவையில் செப்டம்பரில் வினா எழுந்தது. தெளிவான விடை கிடைக்கவில்லை. நவம்பரில் மீண்டும் வினா எழுந்தது. நிதியமைச்சர், சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி, விடையளித்தார். அவ்விடையும் உறுப்பினர்களின் ஐயத்தைப் போக்கவில்லை.

1957 டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி பேச எழுந்தார். பங்குகளின் விலை, வாங்கிய முறை, நிறுவனங்களின் நிலை ஆகியவற்றை முன்னரே ஆராய்ந்து திரட்டியிருந்தார். அவருடைய வாதம் எளிய வினாக்களில் அடங்கும். வருவாய் பெறுவது நோக்கமாயின், சந்தை விலையினும் கூடுதலாகக் கொடுத்தது ஏன்? சரிந்துவரும் பங்குச் சந்தையைத் தாங்குவது நோக்கமாயின், ஒரே மனிதரின் பங்குகளை மட்டும் வாங்கியது ஏன்? நாடாளுமன்றம் உருவாக்கிய கழகத்தை நாடாளுமன்றமே விழிப்புடன் கண்காணிக்க வேண்டும் என அவர் வலியுறுத்தினார்.

விசாரணையும் தீர்வும்

1958 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. விசாரணை மக்கள் முன்னிலையில் நடைபெற்றது. இடமின்றி வெளியே நின்றோரும் கேட்கும்படி ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. பிப்ரவரியிலேயே ஆணையம் தன் அறிக்கையை அளித்தது.

பங்குகளை வாங்கத் தாம் ஒப்புதல் தரவில்லை என்பது அமைச்சரின் நிலைப்பாடு. ஆயினும், துறைச் செயலாளரின் செயலுக்கு அத்துறையின் அமைச்சரே பொறுப்பேற்க வேண்டும் எனச் சாக்ளா தெரிவித்தார். அம்மாதத்திலேயே கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஆற்றல்மிக்க நிர்வாகி எனப் பெயர் பெற்றிருந்த அவர், பின்னர் 1963ஆம் ஆண்டில் மீண்டும் நிதியமைச்சரானார். ஒருவரின் திறமை வேறு, அவர் ஏற்க வேண்டிய பொறுப்பு வேறு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

அவையின் குரல் மக்களை அடைதல்

நாடாளுமன்றத்தில் பேசிய பேச்சுக்காக எந்த உறுப்பினர் மீதும் வழக்குத் தொடர இயலாது. ஆனால், அப்பேச்சை வெளியிடும் செய்தித்தாளுக்கு முன்னர் அத்தகைய உறுதியான பாதுகாப்பு இல்லை. இக்குறையை நீக்கப் பெரோஸ் காந்தி தனிநபர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அது 1956ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. நெருக்கடி நிலையின்போது 1976ஆம் ஆண்டில் நீக்கப்பட்ட அச்சட்டம், மறு ஆண்டே மீண்டும் இயற்றப்பட்டது. அவையில் எழும் வினாவை நாட்டின் எந்த மூலையில் வாழ்பவரும் அறிய வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

பெரோஸ் காந்தி 1960ஆம் ஆண்டில், 48 வயது நிறைவதற்குள் மறைந்தார். அவர் அமைச்சர் பதவி எதையும் வகித்ததில்லை. ஓர் உறுப்பினராக இருந்தே பல இலட்சம் எளிய குடும்பங்களின் சேமிப்புக்காக அவர் வினா எழுப்பினார். கேட்பவர் ஆதாரத்துடன் கேட்டால், ஆள்பவர் விடை கூறியே ஆக வேண்டும்.

சொல்லும் பொருளும்

இடித்துரைத்தல் – தவறைச் சுட்டிக் கண்டித்துக் கூறுதல்
உடுக்குறி – விண்மீன் அடையாளம்
ஆயத்தம் – முன்னேற்பாடு
தனிநபர் மசோதா – அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் சட்ட முன்வரைவு

பயிற்சி

1. துணை வினாவுக்கு விடை கூறுவது ஏன் கடினம்?
2. பெரோஸ் காந்தி எழுப்பிய இரு வினாக்களை உங்கள் சொற்களில் எழுதுக.
3. தாம் ஒப்புதல் தராத செயலுக்கு அமைச்சர் பொறுப்பேற்பது சரியா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. நீங்கள் இப்போது வாழும் தொகுதியின் மக்களவை உறுப்பினர் யார்? உங்கள் பகுதியின் குறை ஒன்றைக் குறித்து, அவர் அவையில் கேட்கத்தக்க வினா ஒன்றை உருவாக்குக.