பன்றி இறைச்சியும் வலிப்பு நோயும்

வலிப்பு நோய்க்காக வருவோர் சிலரின் மூளை ஸ்கேனில் நாடாப்புழுவின் நீர்க்கட்டி காணப்படுகிறது. "எங்கள் வீட்டில் பன்றிக்கறியே சமைப்பதில்லையே" எனக் குடும்பத்தினர் திகைப்பர். திகைப்பு இயல்பே; நோய் வரும் வழி வேறு.

சரியாக வேகாத கறியிலுள்ள கட்டியை உண்டவரின் குடலில் புழு வளர்கிறது. அவரது மலத்தில் வெளியேறும் முட்டைகள், கழுவாத கை, பச்சைக் காய்கறி, குடிநீர் வழியாகப் பிறர் வயிற்றை அடைந்து மூளைக்கும் செல்கின்றன. ஆகவே சைவ உணவினருக்கும் இந்நோய் வரும்.

பெரம்பலூர், அரியலூர் வீடுகளில் விறகடுப்புத் தணலிலோ, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்த ஸ்லோ குக்கரிலோ கறியை மெதுவாக வேகவைப்பதில் தவறில்லை. உறைந்த கறியை அப்படியே இடுவதும், அடிக்கடி மூடியைத் திறப்பதுமே தவறு. துண்டின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸை எட்டவேண்டும். வெப்பமானி இல்லையெனில், நார்நாராகப் பிரியும்வரை வேகட்டும், நிறத்தை நம்பவேண்டாம்.

மலத்தில் வெண்ணிறப் பட்டைத் துண்டுகள் தென்பட்டால் மருத்துவரிடம் கூறுங்கள். வலிப்பு உள்ளவர் பூச்சி மருந்தைத் தாமாக வாங்கி விழுங்கலாகாது. மூளையில் கட்டி இருப்பின், அம்மருந்தே வீக்கத்தை மிகுவித்து வலிப்பைத் தூண்டக்கூடும்.